பிழை காட்டும் வட்டு: பழுதுபார்ப்பதா, நகலெடுப்பதா, ஆய்வகத்தில் கொடுப்பதா?

கணினியில் ஒரு கோப்பைத் திறக்கும்போது, உள்ளீட்டு வெளியீட்டுச் சாதனப் பிழையால் கோரிக்கையை நிறைவேற்ற முடியவில்லை என்று விண்டோஸ் அறிவிக்கிறது. லினக்ஸ் அதையே இன்னும் சுருக்கமாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. இரண்டுமே மிகக் குறைவாகத்தான் சொல்கின்றன. இயங்குதளம் வட்டின் ஓர் இடத்திலிருந்து தரவைக் கேட்டது, கேட்டது வந்து சேரவில்லை; அவ்வளவே செய்தி. பழுது வட்டுக்குள் இருக்கிறதா, கம்பியில் இருக்கிறதா, யூஎஸ்பி உறைக்குள் இருக்கும் சிறு சுற்றுப்பலகையில் இருக்கிறதா, மின்சாரம்தான் போதவில்லையா என்பதைப் பயனர் தாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் செய்தியைக் கண்டவர் முன் ஐந்து வழிகள் உள்ளன. கம்பியையும் அதைச் செருகும் துளையையும் மாற்றிப் பார்க்கலாம். வட்டின் மேலேயே பழுதுபார்க்கும் நிரலை ஓட்டலாம். எதையும் தொடுவதற்கு முன் வட்டு முழுவதையும் இன்னொரு வட்டுக்கு நகலெடுக்கலாம். கடையிலோ தரவு மீட்பு ஆய்வகத்திலோ ஒப்படைக்கலாம். தரவைக் கைவிட்டு, உத்தரவாதத்தைக் காட்டிப் புது வட்டு பெற்றுக்கொள்ளலாம். பெரும்பாலானோர் இரண்டாவது வழியில்தான் முதலில் இறங்குகிறார்கள், ஏனென்றால் இயங்குதளமே அதைச் செய்யும்படி பரிந்துரைக்கிறது, காசும் செலவாவதில்லை. தரவுக்கு வேறு பிரதி இல்லாதபோது அந்த வரிசை தவறானது என்பதும், மூன்றாவது வழிக்குப் பின்னரே இரண்டாவது வர வேண்டும் என்பதும் இந்த ஒப்பீட்டின் முடிவு.

ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் கேள்வி, வட்டில் உள்ளவை வேறெங்காவது இருக்கின்றனவா என்பதுதான். இருக்கின்றன என்றால் ஆராய அதிகமில்லை. கம்பியை ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டு, பிழை தொடர்ந்தால் வட்டையே மாற்றிவிடலாம். தடுமாறும் வட்டைச் சீராக்க உட்கார்ந்து ஒரு வார இறுதியைக் கழிப்பது அதன் விலைக்குத் தகாத உழைப்பு. இல்லை என்பவர்களின் நிலை வேறு. சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு மளிகைக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் கணினியில் கடையின் கணக்கு முழுவதும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வணிகப் பதிவுகளை ஐந்து ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும் என்பது உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் விதி; அந்த வட்டு போனால் கடைக்காரர் இழப்பது வசதியை மட்டும் இல்லை. துணைப்பாட ஆசிரியர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் தயாரித்த பயிற்சித் தாள்களும், ஒரு சங்கத்தின் பொங்கல் விழாப் படங்களும் சட்டத்தின் பார்வையில் அந்த அளவுக்குக் கனமானவையாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் அவற்றையும் எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது.

எண்கள் காட்டுவது

வழியைத் தேர்வதற்கு முன், வட்டு தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவுகளைப் படிக்க வேண்டும். ஸ்மார்ட் எனப்படும் இந்தப் பதிவுகளைப் பார்க்க விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரல் போதும். லினக்ஸிலும் மேக்கிலும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் உண்டு. சுழலும் வட்டானால் நான்கு வரிகளைப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாம் தெரிந்துவிடும். 05 என்ற வரி, கெட்டுப்போனதால் உபரி இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்களின், அதாவது வட்டில் தரவு எழுதப்படும் சிறு கூறுகளின், எண்ணிக்கை. சி5 என்பது, படிக்க முடியாமல் போய், அடுத்து அங்கே எழுதும்வரை முடிவு தள்ளிவைக்கப்பட்டிருக்கும் செக்டர்கள். சி6 என்பது சோதனையின்போதும் படிக்கவே முடியாதவை. சி7 இவற்றோடு சேராதது. வட்டுக்கும் கணினிக்கும் இடையே போகும் வழியில் தரவு சிதைந்த தடவைகளை அது எண்ணுகிறது.

இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மூல எண்களைப் பதினாறடிமானத்தில்தான் காட்டுகிறது, நாம் அமைப்பை மாற்றாதவரை. சி5 வரியில் 28 என்று இருந்தால் அது இரண்டு பதினாறும் எட்டும், அதாவது நாற்பது. மேலும், 4,096 பைட் கொண்ட ஒரு செக்டரை 512 பைட் கணக்கில் எண்ணும்போது எட்டாக வருவதால், சில வட்டுகளில் இந்த எண்ணிக்கை எட்டெட்டாக ஏறும். மளிகைக் கடைக் கணினியில் நேற்று மாலை சி5 வரியில் 8 இருந்தது, இன்று காலை 28 இருக்கிறது என்றால், எட்டு நாற்பதாகியிருக்கிறது என்று பொருள். நிரலின் மேலே மஞ்சள் கட்டத்தில் எச்சரிக்கை என்று மட்டும் இருந்தாலும், ஒரே இரவில் ஐந்து மடங்காவது நிற்கும் பழுது இல்லை. அந்தக் கணினியில் அன்று விற்பனைப் பதிவு செய்யக் கூடாது. இதற்கு மாறாக, மற்ற மூன்று வரிகளும் சுழியமாக இருந்து சி7 மட்டும் உயர்ந்திருந்தால் வட்டின் தட்டுகள் மீது சந்தேகப்படக் காரணமில்லை.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடும் இதே பிரிவினையை வேறு எண்களில் காட்டுகிறது. நிகழ்வு 7 வட்டில் கெட்ட தொகுதி இருப்பதைச் சொல்கிறது. 11, 129 ஆகியவை கட்டுப்படுத்தியும் வழியும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்ற பக்கம் சாய்கின்றன. 153 என்றால் கேட்டது கிடைக்காமல் மீண்டும் கேட்கப்பட்டிருக்கிறது. லினக்ஸில், இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பதிவில் யூஎன்சி என்று வந்தால் வட்டால் திருத்த முடியாத பிழை. ஐசிஆர்சி என்று வந்தால் வழியில் நேர்ந்த சிதைவு. இவை சாய்வுகள் மட்டுமே. பழுதான வட்டு ஒன்று முழுவதுமாகப் பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டாலும் 129 வரும்.

ஸ்மார்ட் நன்றாக இருக்கிறது என்பதற்காக வட்டு நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடவும் கூடாது. கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளைக் கவனித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், பழுதான வட்டுகளில் 56 விழுக்காட்டுக்கும் அதிகமானவை நான்கு முக்கியமான ஸ்மார்ட் குறிகளில் எதிலும் எதையும் காட்டாமலேயே பழுதாகியிருந்தன. அதே ஆய்வு மறுபக்கத்தையும் சொன்னது: மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை தென்பட்ட வட்டு, அப்படிப் பிழை இல்லாத வட்டைவிட, அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம். கெட்ட செய்தியை நம்பலாம், நல்ல செய்தியை நம்ப முடியாது என்பதே இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

கம்பி, துளை, மின்சாரம்

சி7 உயர்ந்திருந்தாலோ, வெளி வட்டு ஒன்று இணைவதும் துண்டிக்கப்படுவதுமாக இருந்தாலோ, முதலில் சில வெள்ளி பெறும் கம்பியை மாற்றுவதே முறை. மேசைக் கணினியின் முன்பக்கத் துளையை விட்டுவிட்டுப் பின்பக்கத் துளையில் நேராகச் செருக வேண்டும். தனி மின்சாரம் இல்லாத யூஎஸ்பி ஹப்பை நடுவிலிருந்து எடுத்துவிட வேண்டும். யூஎஸ்பி 2.0 துளை தரக்கூடியது 500 மில்லி ஆம்பியர், 3.0 துளை தரக்கூடியது 900. சுழலத் தொடங்கும் நொடியில் இரண்டரை அங்குல வட்டு கேட்கும் மின்னோட்டம் பழைய துளையின் வரம்பைத் தாண்டிவிடக்கூடும், அப்போது நல்ல வட்டும் கெட்ட வட்டைப் போல நடந்துகொள்ளும். மூன்றரை அங்குல வெளி வட்டுகளுக்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக உண்டு. அந்த அடாப்டர் நொடிந்துபோனதற்காக வட்டைத் தூக்கியெறிந்தவர்கள் குறைவில்லை.

சி7 ஒருபோதும் குறையாத எண் என்பதை மறக்கக் கூடாது. கம்பியை மாற்றிய பிறகும் அது பழைய இடத்திலேயே நிற்கும். இரண்டு நாள் பயன்படுத்திய பின் மேலும் ஏறவில்லை என்றால் காரணம் கம்பிதான்.

இந்த வழியின் நன்மை, வட்டில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை என்பது. இதற்கு எல்லையும் உண்டு. வட்டிலிருந்து டக் டக் என்று சீரான ஒலி கேட்டால், படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பத் தொடக்கத்துக்குப் போகிறது என்று கொள்ள வேண்டும். அந்த நிலையில் வேறு கம்பி, வேறு கணினி, நண்பர் வீட்டு மடிக்கணினி என்று ஒவ்வொன்றிலும் செருகிப் பார்ப்பது, தட்டின் மேல் கீறல் விழுவதற்கு ஒவ்வொரு தடவையும் வாய்ப்புக் கொடுப்பதாகும். ஒலி கேட்ட உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஆய்வகத்தைப் பற்றிய பகுதிக்குப் போய்விடலாம்.

வட்டின் மேலேயே பழுதுபார்த்தல்

விண்டோஸோடு வரும் செக் டிஸ்க் என்ற பழுதுபார்க்கும் நிரலைப் பற்றி நம்மிடையே உள்ள நம்பிக்கை அது செய்யும் வேலைக்குப் பொருந்தாதது. அதன் கடமை, எந்தக் கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் கோப்பு முறைமையின் பதிவேடுகளை ஒன்றுக்கொன்று முரணில்லாமல் ஆக்குவது. ஒரு கோப்பின் பாதி எங்கே சேர்ந்தது என்று தெரியாமல் போனால், அந்தத் துண்டை ஃபவுண்ட்.000 என்ற கோப்புறையில் பெயரில்லாத துண்டாகப் போட்டுவிட்டு, முரண் தீர்ந்தது என்று அறிக்கை தரும். அதன் கணக்கில் அது வெற்றி. கணக்குப் புத்தகத்தைத் திறக்க முடியாத கடைக்காரருக்கு அது வெற்றியாகத் தோன்றாது.

எஃப் என்ற குறியுடன் ஓட்டினால் பதிவேடுகளை மட்டும் திருத்தும். ஆர் என்ற குறியுடன் ஓட்டினால் வட்டின் ஒவ்வொரு செக்டரையும் படித்துப் பார்க்கும். ஆரோக்கியமான வட்டில் இது பல மணி நேர வேலை, ஆனால் தீங்கற்ற வேலை. செக்டர்கள் உதிர்ந்துகொண்டிருக்கும் வட்டிலோ, தளர்ந்த முனைகளை முழு மேற்பரப்பின் மீதும் ஓடவிட்டு, கெட்ட இடம் ஒவ்வொன்றிலும் பல நொடிகள் முட்டவிட்டு, அதே சமயம் அதன் மேலேயே எழுதவும் செய்கிறோம். லினக்ஸின் திருத்தும் நிரல்களுக்கும் இது பொருந்தும். திருத்தத்தைத் திரும்பப் பெறப் பெரும்பாலும் வழி கிடையாது.

ஆனாலும் இந்த வழியை ஒரேயடியாக ஒதுக்குவது நியாயமில்லை. வெளி வட்டைப் பாதுகாப்பாக வெளியேற்றாமல் பிடுங்கிய பிறகு, கோப்பு அல்லது கோப்புறை சிதைந்துள்ளது, படிக்க முடியவில்லை என்ற செய்தி வந்தால் அது வேறு நோய். அங்கே வட்டு கேட்டதைத் தருகிறது, தந்ததில்தான் ஒழுங்கில்லை. ஸ்மார்ட் வரிகள் சுழியமாகவும் நிகழ்வு 7 இல்லாமலும் இருந்தால் செக் டிஸ்க் சரியான மருந்தே. உள்ளீட்டு வெளியீட்டுப் பிழையும் சிதைவுச் செய்தியும் ஒன்றுபோலத் தோன்றுவதால்தான் இத்தனை குழப்பம்.

வட்டை முழுவதுமாக ஃபார்மட் செய்ததும் சரியாகிவிட்டது என்று சிலர் சொல்வதும் உண்மையே. சி5 வரியில் காத்திருக்கும் செக்டர் மீது எதையாவது எழுதும்போது, வட்டு அந்த இடத்தைத் தேற்றிக்கொள்ளும் அல்லது உபரி இடத்துக்கு மாற்றிவிடும், எண்ணிக்கை இறங்கிவிடும். அதற்குள் பழைய தரவு போய்விட்டது, வட்டின் மீதான நம்பிக்கையும் திரும்ப வரப்போவதில்லை. வட்டை இயக்கும் முன் அதை ஃபார்மட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் தானாகவே பெட்டி ஒன்றைக் காட்டும்போது, பதற்றத்தில் ஆம் என்று அழுத்திவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பெட்டியை மூடிவிட வேண்டும்.

முதலில் நகல்

தரவுக்கு வேறு பிரதி இல்லை, வட்டில் டக் டக் ஒலி இல்லை, கணினி வட்டை இன்னும் அடையாளம் காண்கிறது என்ற மூன்றும் சேர்ந்தால் நகலெடுப்பதே முதல் வேலை. சாதாரணமாகக் கோப்புகளை இழுத்துப் போடுவது இதற்குப் போதாது. விண்டோஸ் ஒரு கோரிக்கைக்கு 60 நொடி வரையும் லினக்ஸ் 30 நொடி வரையும் காத்திருக்கின்றன; வீட்டுக் கணினிக்கான வட்டோ கெட்ட செக்டர் ஒன்றை மீட்க அதையும் தாண்டிப் போராடக்கூடியது. பல வட்டுகளை ஒன்றாக வைக்கும் சேமிப்பகப் பெட்டிகளுக்கென விற்கும் வட்டுகள் ஏழு நொடியளவில் கைவிட்டுவிடும்படி அமைக்கப்பட்டவை. கோப்புகளை நகர்த்தும் சாளரம் ஒரு பச்சைக் கோட்டோடு உறைந்துபோய் நிற்பதற்கு இந்தப் போராட்டம்தான் காரணம். ரோபோகாப்பி என்ற விண்டோஸ் கட்டளையை நம்பியவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு: இயல்பாக அது ஒரு கோப்புக்கு பத்து லட்சம் முறை, ஒவ்வொரு முறைக்கும் 30 நொடி இடைவெளி விட்டு முயலும். முயற்சியையும் இடைவெளியையும் ஒன்றாகக் குறைத்து ஓட்டாவிட்டால் ஒரே கெட்ட கோப்பில் அது ஆயுள் முழுவதும் நிற்கும்.

வட்டை அப்படியே படியெடுப்பதற்கு டிடிரெஸ்கியூ என்ற இலவச நிரல் இருக்கிறது. அதன் அருமை வரிசையில் உள்ளது. எளிதில் வரும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, தடங்கும் இடங்களைத் தாண்டிப் போய், நல்லவை எல்லாம் பத்திரமான பிறகுதான் கெட்ட இடங்களுக்குத் திரும்பி வரும். வீடு எரியும்போது முதலில் குழந்தைகளை வெளியே கொண்டுவந்துவிட்டுப் பிறகு பீரோச் சாவியைத் தேடும் அறிவு அதற்கு உண்டு. எது வந்தது, எது வரவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால், நடுவில் நிறுத்தி, வட்டு ஆறிய பின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சிஸ்டம் ரெஸ்கியூ போன்ற லினக்ஸை ஒரு யூஎஸ்பியில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கினால் போதும். விண்டோஸை நீக்க வேண்டியதில்லை.

நேரக் கணக்கு எளிது. நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் இரண்டு டெராபைட் வட்டு ஐந்தரை மணி நேரத்தில் முடியும். பிழைகள் குறுக்கிட்டால் நாட்கணக்கில் நீளும், ஆனால் முதல் சுற்றிலேயே பெரும்பகுதி வந்துவிடுவதுதான் வழக்கம். முதல் சுற்றில், கெட்ட இடங்களைச் செக்டர் செக்டராகச் சுரண்டும் வேலையைத் தவிர்க்கச் சொல்லும் குறியோடு ஓட்டி, அடுத்த சுற்றில் மூன்று மறுமுயற்சிகளோடு ஓட்டுவது பலர் பின்பற்றும் முறை. கண்ணைத் திறந்துகொண்டு செய்ய வேண்டிய ஒரே இடம், எந்த வட்டிலிருந்து எந்த வட்டுக்கு என்பதைக் கொடுக்கும் வரி. இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் வெற்று வட்டு பழைய வட்டின் மேல் எழுதப்படும், அதற்குப் பிறகு ஆய்வகமும் கைவிரிக்கும். வட்டுகளுக்கு லினக்ஸ் சூட்டும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாமல், இரண்டு வட்டுகளின் மேலும் ஒட்டியுள்ள தொடர் எண்ணைத் திரையில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எண்டர் விசையை அழுத்த வேண்டும்.

வெளி வட்டின் உறைக்குள் இருக்கும் யூஎஸ்பி பாலம் என்ற சிறு சுற்றுப்பலகை, பிழை வந்தவுடன் இணைப்பை அறுத்துக்கொள்ளும் வழக்கம் உடையது. உறையைக் கழற்றி, வட்டைத் தாய்ப்பலகையோடு நேராக இணைக்கும் சாட்டா கம்பியில் மாட்ட முடிந்தால் நகல் வேலை சீராகப் போகும். சில இரண்டரை அங்குல வட்டுகளில் யூஎஸ்பி துளையே சுற்றுப்பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். சில உறைகளில் பாலமே தரவை மறையாக்கம் செய்வதால், அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவதால், கழற்றிய வட்டு வெறும் குப்பையாகத் தெரியும். ஆகவே உறையை உடைக்கும் முன் அந்த மாதிரியைப் பற்றி விசாரித்துக்கொள்வது நல்லது.

நகல் கிடைத்த பிறகு செக் டிஸ்க்கை அதன் மேல் தாராளமாக ஓட்டலாம், டெஸ்ட்டிஸ்க் கொண்டு வட்டின் தொலைந்த பிரிவைத் தேடலாம், ஃபோட்டோரெக் கொண்டு படங்களைப் பொறுக்கலாம். தவறினாலும் பழைய வட்டும் வரைபடக் கோப்பும் அப்படியே இருக்கின்றன. இதற்கு வாங்கும் புது வட்டை வீண் செலவாகக் கருத இடமில்லை, பழைய வட்டுக்குப் பதிலாக எப்படியும் ஒன்று வாங்கியே ஆக வேண்டும்.

எஸ்எஸ்டி என்றால் கணக்கு மாறும்

மேலே சொன்னதில் பெரும்பகுதி சுழலும் வட்டுக்கு உரியது. நினைவகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் முனையும் இல்லை, ஒலியும் இல்லை, மெல்லத் தேய்கிற அறிகுறிகளும் பெரும்பாலும் இல்லை. காலையில் வேலை செய்தது மாலையில், கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயாஸிலேயே தெரியாமல் போய்விடும். என்விஎம்ஈ என்ற வேகமான எஸ்எஸ்டி வகையில் பார்க்க வேண்டியவை மீதமுள்ள உபரி விழுக்காடு, பயன்பட்ட விழுக்காடு, ஊடகப் பிழை எண்ணிக்கை ஆகியவை. ஆயுள் முடியும் நிலையில் சில எஸ்எஸ்டிகள் எழுதுவதை மறுத்து, படிக்க மட்டும் அனுமதிக்கும். அதைப் பழுது என்று நினைத்து ஃபார்மட் செய்ய முயல்வதற்குப் பதிலாக, அப்போதே நகலெடுத்துவிட வேண்டும். அந்தக் கதவு எப்போது மூடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மறையாக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் பயனர் அறியாமலேயே வட்டு மறையாக்கம் இயங்குகிறது. முழு நகல் கையில் இருந்தும், விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண் இல்லை என்றால் அதைத் திறக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று கணினி நன்றாக இருக்கும்போதே பார்த்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆப்பிள் சில்லுடன் வரும் மேக்புக்குகளில் சேமிப்பகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டு, அதே சில்லோடு பிணைக்கப்பட்டிருப்பதால், கழற்றி வேறு கணினியில் மாட்டும் வழியே அடைபட்டிருக்கிறது.

பழைய எஸ்எஸ்டியை இழுப்பறையில் போட்டுவைத்து அதைக் காப்புப் பிரதி என்று எண்ணுபவர்களுக்கு ஒரு குறிப்பு. எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த வீட்டு எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு தரவைத் தாங்க வேண்டும் என்பது, சில்லுத் தொழிலின் தரநிலை அமைப்பான ஜெடெக் கேட்பது. குளிரூட்டி இல்லாத சிங்கப்பூர் அறையின் பகல் வெப்பம் அந்த அளவைத்தான் சுற்றிவருகிறது. புதிய எஸ்எஸ்டி இதைவிட நெடுங்காலம் தாங்கும்; தேய்ந்தது தாங்கும் என்று நம்பிக் கணக்குப் புத்தகத்தை அதில் வைப்பது சரியில்லை.

கடையும் ஆய்வகமும்

1987இல் திறக்கப்பட்ட சிம் லிம் சதுக்கத்திலும் பேட்டைகளிலும் உள்ள கணினிக் கடைகள் பலவும் தரவு மீட்பு செய்வதாகப் பலகை வைத்திருக்கின்றன. சில கடைகளில் செய்யப்படுவது மேலே சொன்ன இலவச நிரல்களையோ அவற்றையொத்த விலை நிரல்களையோ ஓட்டுவதுதான். வட்டு ஓரளவு படிக்கிறது, தமக்கு லினக்ஸ் பழக்கமில்லை, நேரமும் இல்லை என்பவர்களுக்கு அது நியாயமான சேவையே. ஒப்படைக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பதிலை எழுத்தில் பெற வேண்டும்: முதலில் நகலெடுத்து அதன் மேல் வேலை செய்வீர்களா, வட்டைத் திறப்பீர்களா, தரவு கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா? முதல் கேள்விக்குத் தயக்கம் தெரிந்தால் வட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

ஆய்வகம் வேறு இனம். அங்கே பிசி-3000 போன்ற வன்பொருள் கருவிகள், வட்டின் உள் மென்பொருளோடு நேராகப் பேசி, எந்த முனையை எவ்வளவு நேரம் முயலவிடுவது என்பதுவரை கட்டுப்படுத்துகின்றன. முனை போயிருந்தால் அதே மாதிரி வட்டிலிருந்து முனைகளை எடுத்து, தூசியற்ற அறையில் மாற்றுகிறார்கள். சுழலும் தட்டுக்கும் முனைக்கும் இடையே உள்ள இடைவெளி சில நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத தூசியும் அங்கே பாறையாகிவிடும். வட்டு தயாரிக்கும் சீகேட் நிறுவனம் 1982இல் இங்கே காலூன்றிய காலந்தொட்டு, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் உலகின் வட்டுகளில் பெரும்பங்கை இந்தத் தீவு தயாரித்தது. வெள்ளை அங்கியும் முகமூடியும் அணிந்து அந்தத் தொழிற்சாலைகளின் தூய அறைகளில் முறைவேலை பார்த்த நம் அக்காமார்கள் யாரையாவது கேட்டால், சாப்பாட்டு மேசையில் வட்டின் மூடியைத் திறப்பது என்ன காரியம் என்று அவர்களே சொல்வார்கள்.

இதோடு சேர்த்து இரண்டு நாட்டு வைத்தியங்களையும் தள்ளிவிடலாம். வட்டை உறைபெட்டியில் வைத்து எடுப்பது ஒன்று. ஈரப்பதம் எப்போதும் எண்பது விழுக்காட்டைச் சுற்றியிருக்கும் இந்த ஊரில், குளிர்ந்த உலோகத்தை வெளியே எடுத்த மறுநிமிடம் அதன் மேல் நீர் கோத்துக்கொள்ளும். மற்றொன்று, இணையத்தில் அதே மாதிரிச் சுற்றுப்பலகையை வாங்கி மாற்றுவது. இன்றைய வட்டுகளில் அந்தந்த வட்டுக்கென அளந்து எழுதிய விவரங்கள் பலகையில் உள்ள ஒரு சிறு சில்லில் இருப்பதால், அந்தச் சில்லையும் பெயர்த்து மாற்றாமல் புதுப் பலகை பயன்படாது.

ஆய்வகக் கட்டணம் சில நூறு வெள்ளியில் தொடங்கி, முனை மாற்ற நேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டும். பயிற்சித் தாள்களுக்கு அது தகுமா என்பதை ஆசிரியர்தான் முடிவு செய்ய வேண்டும். அச்சுப் பிரதிகளை வருடி மீண்டும் சேர்ப்பதே மலிவாக இருக்கலாம். ஐந்தாண்டுக் கணக்கை இழந்த கடைக்காரருக்கு, வங்கி அறிக்கைகளையும் விற்பனையாளர் விலைப்பட்டியல்களையும் கொண்டு கணக்காளரிடம் மறுபடி எழுதவைக்கும் செலவோடு ஒப்பிட்டால் ஆய்வகமே குறைவாக வரக்கூடும். ஒன்று நிச்சயம்: ஆய்வகம் கடைசி வழி என்று எண்ணி, மற்ற எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு வருபவரிடம்தான் அவர்கள் அதிகம் கேட்கிறார்கள், குறைவாக மீட்கிறார்கள். டக் டக் ஒலி கேட்கும் வட்டுக்கும், கீழே விழுந்த வட்டுக்கும், நீரில் நனைந்த வட்டுக்கும் ஆய்வகம் முதல் வழி.

உத்தரவாதம்

வட்டுக்கு உத்தரவாதம் இருக்கிறது என்பது வட்டுக்கு மட்டுமே இருக்கும் உத்தரவாதம். பழையதைக் கொடுத்தால் புதியதோ, சீராக்கியதோ கிடைக்கும். உள்ளே இருந்தவை பற்றி யாரும் பொறுப்பேற்பதில்லை. தரவு மீட்புச் சேவையையும் சேர்த்து விற்கப்படும் சில மாதிரிகள் உண்டு, வாங்கிய பெட்டியின் மேல் அது எழுதியிருக்கும். 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் பழுதுப் பொருள் சட்டத்தின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தென்படும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும் என்பதால், புது வட்டு சீக்கிரமே பிழை காட்டினால் முதலில் விற்ற கடையை அணுகலாம். கடை மறுத்தால் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் ஏற்கும்.

உத்தரவாதத்துக்காக வட்டைத் திருப்பி அனுப்புவதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. மாணவர்களின் பெற்றோர் எண்களோ, வாடிக்கையாளர்களின் அடையாள அட்டைப் பிரதிகளோ அதில் இருந்து, வட்டு அழிக்கும் கட்டளையைக்கூட ஏற்காத நிலையில் இருந்தால், அந்தத் தகவல் அப்படியே வேறொருவர் கைக்குப் போகிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் துணைப்பாட நிலையத்தையும் மளிகைக் கடையையும் கட்டுப்படுத்துகிறது. 2021 பிப்ரவரி முதல் பெரிய கசிவுகளைத் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்கவும் வேண்டும். அத்தகைய வட்டை உத்தரவாதத்தில் அனுப்பாமல், அதன் விலையை இழந்ததாக எண்ணித் தம்மிடமே வைத்து உடைத்துவிடுவது மலிவு. 2021 ஜூலையில் தொடங்கிய மின்கழிவுத் திரட்டில் பழைய கணினியைக் கொடுக்கும்போதும் வட்டைக் கழற்றிவிட்டே கொடுக்க வேண்டும். மூன்றரை அங்குல வட்டின் தட்டுகள் பெரும்பாலும் அலுமினியம், துளையிட்டால் போதும். மடிக்கணினி வட்டுகள் பலவற்றில் தட்டுகள் கண்ணாடியால் ஆனவை, சிதறித் தெறிக்கும் என்பதால் கண்களுக்குக் கவசம் அணிந்து, தடித்த துணியில் சுற்றி உடைக்க வேண்டும். எஸ்எஸ்டியில் பலகையை இரண்டாக ஒடித்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு நினைவகச் சில்லும் பிளவுபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.